மனத்தை மட்டும் திருத்தினால் போதுமா? விளையாட்டு உளவியலின் அடுத்த கட்டம்

1938-இல் சிகாகோ கப்ஸ் பேஸ்பால் அணியின் உரிமையாளர் ஃபிலிப் ரிக்லி ஓர் உளவியலாளரை வேலைக்கு அமர்த்தினார். பெயர் கோல்மன் கிரிஃபித். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1925-இலேயே விளையாட்டு வீரர்களை ஆராய்வதற்கென்று ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கியவர். பொருளாதாரப் பெருமந்தத்தின்போது நிதி நின்றுபோய் 1932-இல் அது மூடப்பட்டது. கப்ஸ் அணியோடு சேர்ந்த கிரிஃபித், ஆட்டக்காரர்களின் மனத்தை மட்டும் அளந்துகொண்டிருக்கவில்லை. பயிற்சி நேரம் எப்படிச் செலவாகிறது, பயிற்சியில் செய்வதும் ஆட்டத்தில் நடப்பதும் ஒத்துப்போகின்றனவா என்றெல்லாம் கவனித்து அறிக்கைமேல் அறிக்கை எழுதினார். அணியின் மேலாளர் சார்லி கிரிம்முக்கு அது அறவே பிடிக்கவில்லை. பரிந்துரைகளில் பெரும்பாலானவை காகிதத்தோடு நின்றுபோயின.

இதை முதல் விளையாட்டு உளவியலாளரின் தோல்விக் கதையாகவே பலரும் எழுதுகிறார்கள். எனக்கு இதில் வேறொன்று தெரிகிறது. பயிற்சி நடக்கும் விதத்தில் உளவியலாளர் கைவைத்தால் பயிற்றுநர் கோபப்படுவார். ஆட்டக்காரரைத் தனியறைக்குக் கூட்டிப்போய் மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். பின்னால் வந்த விளையாட்டு உளவியல் பெரும்பாலும் இந்த இரண்டாவது வழியில்தான் வளர்ந்தது. இத்துறைக்கு எதிர்காலம் என்று ஒன்று இருக்குமானால் அது தனியறையை விட்டு வெளியே வருவதில்தான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதற்கான சான்றுகளை அத்துறையே கடந்த இருபது ஆண்டுகளில் சேர்த்து வைத்திருக்கிறது.

தனியறையில் வளர்ந்த துறை

சர்வதேச விளையாட்டு உளவியல் சங்கம் 1965-இல் ரோம் நகரில் தொடங்கப்பட்டது. இத்தாலிய மனநல மருத்துவர் ஃபெருச்சோ அன்டோனெல்லி அதன் முதல் தலைவர். அடுத்த இருபது ஆண்டுகளில் துறை தனக்கென்று சில உத்திகளைத் திரட்டிக்கொண்டது. இலக்கு வகுத்தல், செய்யப்போவதை மனக்கண்ணில் ஓட்டிப்பார்த்தல், தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் சொற்களைச் சீர்செய்தல், பதற்றத்தைத் தணிக்கும் மூச்சு மற்றும் தசைத் தளர்வுப் பயிற்சிகள். மொத்தமாக இதற்கு மனத்திறன் பயிற்சி என்று பெயர். இன்றும் பெரிய அணிகளில் உளவியலாளர் செய்யும் வேலையில் பெரும்பங்கு இதுதான்.

இவை வீண் என்று சொல்வது நியாயமாகாது. பயிற்சியோடு சேர்ந்து செய்தால் இவற்றில் பலவும் ஓரளவுக்குப் பயன் தருகின்றன என்று, பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்க்கும் தொகுப்பாய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. சிக்கல், இந்த உத்திகள் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் அனுமானத்தில் இருக்கிறது. ஆட்டம் கெட்டால் ஆட்டக்காரரின் தலைக்குள் ஏதோ கோளாறு. அதைச் சரிசெய்தால் ஆட்டம் சரியாகிவிடும் என்பதே அந்த அனுமானம்.

சமனில் முடிந்த கால்பந்து ஆட்டத்தில் இரு அணியினரும் மாறிமாறிக் கோலை நோக்கி உதைத்து வெற்றியை முடிவுசெய்யும் பெனால்டி ஷூட்அவுட்டை எடுத்துக்கொள்வோம். விளையாட்டில் இதைவிடத் தனிமையான கணம் இருக்க முடியாது என்று தோன்றும். மைதானத்தின் நடுவிலிருந்து ஓர் ஆள் மட்டும் நடந்து வருகிறார், எதிரே கோல்கீப்பர், உலகமே பார்க்கிறது. நார்வே உளவியலாளர் கெயிர் யோர்டெட் பல ஆண்டுகளாக உலகக் கோப்பை, ஐரோப்பியக் கோப்பை ஷூட்அவுட்களின் காணொளிகளைப் பிரித்துப் பிரித்துப் பார்த்து வருகிறார். கோல்கீப்பருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நடப்பவர்களும், நடுவர் விசில் ஊதியதும் தாமதிக்காமல் பாய்பவர்களும் அதிகம் தவறவிடுகிறார்கள் என்று கண்டார். சீக்கிரம் முடித்துத் தொலைத்துவிட வேண்டும் என்ற தவிப்பு அது. இதுவரை தலைக்குள் நடக்கும் கதைதான்.

ஆனால் 2010-இல் அவர் தன் சக ஆய்வாளர்களோடு வெளியிட்ட இன்னோர் ஆய்வு கோல் விழுந்த பிறகு என்ன நடக்கிறது என்று பார்த்தது. கோல் அடித்ததும் இரண்டு கைகளையும் உயர்த்தி ஆரவாரமாகக் கொண்டாடியவர்களின் அணி கடைசியில் வெல்லும் வாய்ப்பு கூடியிருந்தது. அடுத்து உதைக்க வந்த எதிரணி வீரர் தவறவிடும் வாய்ப்பும் கூடியிருந்தது. ஒருவரின் உணர்ச்சி மற்றவர்களுக்குத் தொற்றியிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள். தனிமையின் உச்சம் என்று நாம் நினைத்த கணத்திலேயே சுற்றியிருப்பவர்களின் கை இருக்கிறது. தனியறைப் பயிற்சி இதைத் தொடவே முடியாது.

2021 காட்டியது

டோக்கியோ ஒலிம்பிக்கின் பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் குழு இறுதிப் போட்டி 2021 ஜூலை 27 அன்று நடந்தது. ஓடிவந்து மேடையில் கையூன்றித் தாவும் வால்ட்டில் அமெரிக்காவின் சிமோன் பைல்ஸ் காற்றில் இரண்டரைச் சுற்று முறுக்க வேண்டும். ஒன்றரைச் சுற்றோடு தடுமாறித் தரையிறங்கினார். காற்றில் தன் உடல் எந்தத் திசையில் இருக்கிறது என்ற உணர்வே அறுந்துபோவதை ஜிம்னாஸ்ட்கள் ட்விஸ்டீஸ் என்பார்கள். தலைகீழாகச் சுழலும் ஒருவருக்கு அது நேர்ந்தால் கழுத்து முறியலாம். அவர் போட்டியிலிருந்து விலகினார். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் ஜப்பானிய டென்னிஸ் வீராங்கனை நவோமி ஒசாகா, செய்தியாளர் சந்திப்புக்கு வராததற்காக 15,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்ட பிறகு, ஃபிரெஞ்சு ஓப்பனிலிருந்து விலகித் தன் மனச்சோர்வைப் பற்றி வெளிப்படையாக எழுதியிருந்தார்.

இவ்விரு விலகல்களும் மனநலத்தைத் தலைப்புச் செய்தியாக்கின. ஆனால் துறைக்குள் தரவுகள் முன்பே வந்துவிட்டன. 2019-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, உயர்நிலை வீரர்களில் 34 விழுக்காட்டினரிடம் பதற்றம் அல்லது மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்ததாகக் கணக்கிட்டது. ஓய்வுபெற்றவர்களில் அது 26 விழுக்காடு. அறிகுறி இருப்பதும் நோய் இருப்பதும் ஒன்றல்ல என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். அதே ஆண்டில் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி உயர்நிலை வீரர்களின் மனநலம் பற்றிய ஒருமித்த அறிக்கையையும் வெளியிட்டது. வலிமையான மனம்தான் வெற்றி பெறும் மனம் என்ற பழைய நம்பிக்கைக்கு அதிகாரபூர்வமான இடத்திலிருந்தே விழுந்த அடி அது.

சாதிப்பதும் நலமாக இருப்பதும் வேறுவேறு என்பதற்கு 2024-இல் சிங்கப்பூரில் நடந்த உலகச் சதுரங்கச் சாம்பியன் போட்டி இன்னொரு சாட்சி. பலகையின் ஒரு பக்கம் 18 வயது குகேஷ். மனப்பயிற்சிக்காக பேடி அப்டனுடன் வேலைசெய்து வந்தவர். மறுபக்கம் நடப்புச் சாம்பியன் டிங் லிரன். தான் மனச்சோர்வோடு போராடியதை மறைக்காமல் சொன்னவர். உலகப் பட்டமே ஒரு மனிதரை நலமாக்கிவிடாது. ஒரே மேசையில் உளவியலின் இரண்டு வேலைகளும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தன. இனி இவ்விரண்டையும் தனித்தனிக் கடைகளாக நடத்த முடியாது.

இதற்கு விளையாட்டு அமைப்புகள் கொடுத்த பதில் என்ன? வீரர்களிடம் கேள்வித்தாள் கொடுத்து அறிகுறிகளைக் கண்டுபிடிப்பது, உதவி எண் வைப்பது, ஆலோசகரை நியமிப்பது. எல்லாம் தேவைதான். ஆனால் எல்லாமே மறுபடியும் அந்த ஒற்றை மனிதரின் தலையைத்தான் குறிவைக்கின்றன. பிரிட்டன் ஜிம்னாஸ்டிக்ஸில் நடந்தவற்றை விசாரித்த ஆன் வைட்டின் அறிக்கை 2022-இல் வந்தது. 400-க்கும் மேற்பட்டவர்கள் அதற்குத் தங்கள் அனுபவங்களை அனுப்பியிருந்தார்கள். பயிற்சியின்போது தண்ணீரும் உணவும் மறுக்கப்பட்டது, கழிப்பறைக்குப் போக விடாதது, எடையைச் சொல்லிச் சொல்லி அவமானப்படுத்தியது, காயத்தோடு பயிற்சி செய்யவைத்தது என்று அறிக்கை அடுக்குகிறது. தாகத்தோடு நிற்கும் ஒரு சிறுமிக்கு மன உறுதிப் பயிற்சி கொடுக்கும் உளவியலாளர் யாருக்காக வேலைசெய்கிறார்? அவளுக்காகவா, அவளைத் தாகத்தோடு நிற்கவைத்தவருக்காகவா? இந்தக் கேள்வியிலிருந்து துறை இனி நழுவிச் செல்ல முடியாது.

சூழலைப் படிப்பது

நல்ல செய்தி, மாற்று வழி ஏற்கெனவே இருக்கிறது. டென்மார்க்கின் கிறிஸ்டோஃபர் ஹென்ரிக்சன் தன் சக ஆய்வாளர்களான நடாலியா ஸ்டம்புலோவா, கிர்ஸ்டன் ரோஸ்லர் ஆகியோரோடு 2010-இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு திறமையான வீரரைப் பார்க்காமல் திறமையான வீரர்கள் தொடர்ந்து உருவாகும் ஓரிடத்தைப் பார்த்தது. டென்மார்க்கின் 49இஆர் வகைப் பாய்மரப் படகு தேசிய அணி அது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கின் பாய்மரப் போட்டிகள் சிங்டாவோ கடலில் நடந்தபோது, பதக்கப் பந்தயம் தொடங்கும் முன் அந்த அணியின் யோனாஸ் வாரர், மார்டின் கிர்க்கெட்டெர்ப் இருவரின் படகுக் கம்பம் முறிந்துவிட்டது. இறுதிப் பந்தயத்துக்குத் தகுதிபெறாத குரோஷிய அணி தன் படகைக் கொடுத்தது. விதி அனுமதித்த நேரத்தின் விளிம்பில் தொடக்கக் கோட்டைக் கடந்து, அந்த இரவல் படகிலேயே தங்கம் வென்றார்கள்.

படகு கிடைத்தது அதிர்ஷ்டம். ஆய்வாளர்கள் கவனித்தது அன்றாட நடப்பை. அந்த அணியில் வசதிகள் அப்படியொன்றும் குவிந்து கிடக்கவில்லை. உச்சத்தில் இருக்கும் வீரர்கள் அடுத்து வரவிருக்கும் இளையவர்களோடு சேர்ந்தே பயிற்சி செய்தார்கள். கண்டுபிடித்ததை ஒளிக்காமல் சொல்லிக்கொடுத்தார்கள். தன் பயிற்சிக்குத் தானே பொறுப்பு என்பதும் முடிவைவிடச் செயல்முறையைப் பார்ப்பதும் எழுதிவைத்த வாசகங்களாக இல்லாமல் நடைமுறையாக இருந்தன. நாளைக்குத் தன் இடத்தையே பறிக்கக்கூடியவருக்கு இன்று வித்தையைச் சொல்லிக்கொடுக்கும் அணி எப்படி உருவாகிறது? இதைக் கேட்கும் உளவியல், தனியறை உளவியலிலிருந்து முற்றிலும் வேறானது. பயிற்சி அட்டவணை, தேர்வு முறை, பயிற்றுநர் திட்டும் விதம், பெற்றோர் பக்கத்தில் நின்று கத்துவது, காயம்பட்டவரை அணி எப்படி நடத்துகிறது எல்லாமே அதன் பாடம். ஒருவர் விளையாட்டை விட்டு விலகும் நாளும் அதில் சேரும். சிறுவயதிலிருந்தே தன்னை விளையாட்டு வீரர் என்று மட்டும் அறிந்தவருக்கு அந்த நாள் எவ்வளவு கனமானது என்பதை ஓய்வுக்குப் பிந்தைய வாழ்க்கை பற்றிய ஆய்வுகள் தொடர்ந்து சொல்லிவருகின்றன.

வெளிச்சம் படாத பாதி

இதுவரை பேசியது ஒரு சில ஆயிரம் பேரைப் பற்றி. துறையின் முழுப்பெயரில் இன்னொரு பாதி இருக்கிறது: உடற்பயிற்சி. இத்துறையின் முதன்மையான ஆய்விதழ் ஒன்று 1979-இல் விளையாட்டு உளவியல் என்ற பெயரோடு தொடங்கி, 1988-இல்தான் உடற்பயிற்சியையும் பெயரில் சேர்த்துக்கொண்டது. இன்னும் அந்தப் பாதிக்குப் புகழும் பணமும் கேமராவும் குறைவு. என் கணிப்பில் துறையின் பெரிய வேலை அங்கேதான் காத்திருக்கிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைப்படி, வளர்ந்தவர் ஒருவர் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும். 2022-இல் உலகின் வளர்ந்தவர்களில் 31 விழுக்காட்டினர், அதாவது சுமார் 180 கோடிப் பேர், அந்த அளவை எட்டவில்லை. 2010-இல் இது 26 விழுக்காடாக இருந்தது. விழிப்புணர்வு விளம்பரங்கள் பெருகிய அதே காலத்தில் நிலைமை மோசமாகியிருக்கிறது. உடற்பயிற்சி நல்லது என்று தெரியாதவர் இன்று யாருமில்லை. செய்ய வேண்டும் என்று முடிவெடுத்தவர்களிலேயே ஏறத்தாழப் பாதிப்பேர் செய்வதில்லை என்பது ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது தெரிந்தது. தெரிந்தும் விரும்பியும் செய்யாத அந்தப் பாதிப்பேரைப் புரிந்துகொள்வதுதான் புதிர்.

பல ஆண்டுகள் இந்தப் புதிருக்கு அறிவின் வழியாகவே விடை தேடினார்கள்: நன்மைகளை விளக்கு, நம்பிக்கை கொடு, திட்டமிடக் கற்றுக்கொடு. பான்டெலெய்மோன் எக்கெகாக்கிஸ் போன்ற உடற்பயிற்சி உளவியல் ஆய்வாளர்கள் எளிமையான ஒரு கேள்வியை முன்வைத்தார்கள். உடற்பயிற்சி செய்துகொண்டிருக்கும்போது அந்த மனிதருக்கு எப்படி இருக்கிறது? இதை அளக்க 1989-இலிருந்தே ஓர் எளிய அளவுகோல் இருக்கிறது. மிக மோசம் என்றால் கழித்தல் 5, மிக நன்று என்றால் கூட்டல் 5. ஓடும் பட்டையிலோ சைக்கிளிலோ இருப்பவரிடம் சில நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணைக் கேட்பார்கள். மூச்சு வாங்கத் தொடங்கி, பேசுவதே சிரமமாகும் எல்லை ஒன்று ஒவ்வொருவருக்கும் உண்டு. அதற்குக் கீழே பெரும்பாலோர்க்கு இதமாகவே இருக்கிறது. அதைத் தாண்டியதும் கிட்டத்தட்ட எல்லோருக்கும் எண் சரிகிறது. நடந்தே பழகாத ஒருவருக்கு அந்த எல்லை மிகத் தாழ்வாக இருக்கும்; வேகமாக நடந்தாலே தாண்டிவிடுவார்.

முடிந்த பிறகு எல்லோருக்கும் நன்றாகத்தான் இருக்கும். குளித்துவிட்டு வந்து சுகமாக இருக்கிறது என்பார்கள். ஆனால் அந்தச் சுகம் மறுபடி வருவார்களா என்பதைச் சொல்வதில்லை. 2015-இல் வந்த ஒரு தொகுப்பாய்வின்படி, பயிற்சியின் நடுவே எப்படி இருந்தது என்பதற்கும் பின்னாளில் தொடர்வதற்கும் தொடர்பு இருக்கிறது. முடிந்தபின் எப்படி இருந்தது என்பதற்கும் தொடர்வதற்கும் இல்லை. வலித்தால்தான் பலன் என்று கத்தும் பயிற்சியாளர் தன் முன்னால் நிற்பவரை மெல்ல மெல்ல வாசலுக்குத் தள்ளிக்கொண்டிருக்கிறார். 2016-இல் ஜக்கரி ஜென்கோவும் எக்கெகாக்கிஸும் நடத்திய ஒரு சோதனை இன்னும் சுவையானது. 15 நிமிடச் சைக்கிள் பயிற்சியில் ஒரு குழுவுக்குக் கடுமை படிப்படியாக ஏறியது. மறு குழுவுக்குக் கடுமையில் தொடங்கிப் படிப்படியாக இறங்கியது. இறங்கியவர்களுக்கு அந்தப் பயிற்சி இனிமையாக நினைவில் நின்றது. அடுத்த முறையும் இனிக்கும் என்று எதிர்பார்த்தார்கள். 46 பேரை வைத்துச் செய்த சின்னச் சோதனை, ஆகவே இதையே வேதமாக்க வேண்டாம். ஆனால் எந்தச் செலவும் இல்லாமல் நாளைக்கே எந்தப் பயிற்சிக்கூடத்திலும் செய்துபார்க்கலாம்.

பெரிய அளவில் செய்துபார்த்ததற்கும் உதாரணம் இருக்கிறது. கேத்தி மில்க்மன் தலைமையில் 30 அறிவியலாளர்கள் சேர்ந்து, அமெரிக்காவின் உடற்பயிற்சிக்கூடச் சங்கிலி ஒன்றின் 61,293 உறுப்பினர்களிடம் 54 வகையான நான்கு வாரத் திட்டங்களை ஒரே நேரத்தில் சோதித்தார்கள். முடிவு 2021-இல் வந்தது. 45 விழுக்காடு திட்டங்கள் வாராந்திர வருகையை 9 முதல் 27 விழுக்காடு வரை கூட்டின. நான்கு வாரம் முடிந்த பிறகும் பலன் நீடித்தவை 8 விழுக்காடுதான். எல்லாவற்றிலும் நன்றாக வேலைசெய்தது என்ன தெரியுமா? ஒரு நாள் வராமல் விட்டவர் மறுபடி வந்தால் ஒரு சிறு ஊக்கப்புள்ளி. அவ்வளவுதான். விட்டுப்போன நாளைக் குற்றமாக்காமல் திரும்பி வருவதைக் கொண்டாடிய திட்டம். எது வெல்லும் என்று நிபுணர்களிடம் முன்கூட்டியே கேட்டிருந்தார்கள். அவர்களின் கணிப்பு தப்பியது. அனுபவசாலியின் ஊகத்தைவிட நேரடிச் சோதனைக்கு ஏன் இடம்கொடுக்க வேண்டும் என்று கேட்பவருக்கு நான் காட்டுவது இதைத்தான்.

உடற்பயிற்சியே மருந்தாகும் இடமும் இருக்கிறது. 1999-இல் ஜேம்ஸ் ப்ளூமெந்தால் குழு, மனச்சோர்வு நோயுள்ள, 50 வயதைக் கடந்த 156 பேரை மூன்று குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு உடற்பயிற்சி, ஒரு குழுவுக்கு செர்ட்ராலின் மாத்திரை, ஒரு குழுவுக்கு இரண்டும் கொடுத்தது. மாத்திரை முதலில் வேகமாக வேலைசெய்தது. 16 வாரத்தில் மூன்று குழுவும் ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வந்திருந்தன. 2024-இல் 218 ஆய்வுகளையும் 14,170 பேரையும் சேர்த்துப் பார்த்த ஆய்வு, நடை, மெது ஓட்டம், யோகா, தசை வலுப் பயிற்சி ஆகியவை மனச்சோர்வைக் கணிசமாகக் குறைப்பதாகச் சொன்னது. அவற்றுள் பல ஆய்வுகளின் தரம் உயர்வானதல்ல. தான் உடற்பயிற்சி செய்கிறோமா இல்லையா என்பதைப் பங்கேற்பவரிடமிருந்து மறைக்கவும் முடியாது. ஆகவே மாத்திரையை நிறுத்திவிட்டு நடக்கப் போங்கள் என்று யாரும் சொல்லக் கூடாது. ஆனால் இங்கே உளவியலாளருக்குரிய வேலை எது என்று யோசித்துப் பாருங்கள். படுக்கையை விட்டு எழுவதே மலையாக இருக்கும் ஒருவரை நடக்கவைப்பது எப்படி? மருத்துவர் சீட்டில் எழுதிவிடலாம். பின்பற்ற வைப்பது வேறு கலை. மருத்துவமனைகளும் ஆரம்பச் சுகாதார அமைப்புகளும் உடற்பயிற்சி உளவியல் படித்தவர்களை வேலைக்கு எடுக்கத் தொடங்கினால் துறையின் முகமே மாறிவிடும்.

இங்கும் சூழல்தான். நடக்கப் பாதை இல்லாத தெருவில், இருட்டினால் பாதுகாப்பில்லாத இடத்தில், இரண்டு வேலை பார்த்துவிட்டு வீட்டு வேலையும் செய்யும் பெண்ணிடம் போய் ஊக்கம் குறைவு என்று சொல்வது அவமரியாதை. நகரத் திட்டமிடுபவரோடு ஒரே மேசையில் உட்காரும் உளவியலாளர் தேவைப்படுகிறார்.

அடித்தளம் உறுதியா?

வெளியே வருவதற்கு முன் துறை தன் சொந்தச் சான்றுகளைத் தட்டிப் பார்த்தாக வேண்டும். விளையாட்டு உளவியலின் முதல் சோதனை என்று பாடநூல்கள் சொல்வது நார்மன் டிரிப்லெட் 1898-இல் வெளியிட்டது. சைக்கிள் வீரர்கள் தனியாக ஓட்டுவதைவிடப் போட்டியாளரோடு வேகமாக ஓட்டுகிறார்கள் என்று கவனித்து, சிறுவர்களிடம் தூண்டில் நூல் சுற்றும் கருவியைக் கொடுத்துச் சோதித்தார். 2005-இல் மைக்கேல் ஸ்ட்ரூப் அதே எண்களை இக்காலப் புள்ளியியல் முறையில் மறுபடி கணக்கிட்டார். விளைவு கிட்டத்தட்டக் கண்ணுக்கே தெரியவில்லை.

மன உறுதி ஒரு சேமிப்பு போன்றது, செலவழித்தால் தீரும் என்ற கருத்துக்கு நேர்ந்தது இதைவிடப் பெரிது. சோர்வு, தாங்குதிறன் பற்றிய பல விளையாட்டு ஆய்வுகள் அதன்மேல் கட்டப்பட்டவை. 2010-இல் மார்ட்டின் ஹேகர் தொகுத்த ஆய்வு அந்த விளைவு திடமானது என்றது. அதே ஹேகர் 2016-இல் 23 ஆய்வுக்கூடங்களை ஒருங்கிணைத்து 2,000-க்கு மேற்பட்டோரிடம் மறுபடி சோதித்தார். விளைவு ஏறத்தாழப் பூஜ்யம். தான் சொன்னதைத் தானே முன்னின்று சோதித்து, வந்ததை அப்படியே வெளியிட்ட அந்த நேர்மை எனக்குப் பெரிதாகப் படுகிறது. துறைக்குத் தேவையான பண்பு அதுதான்.

ஒலிம்பிக் வீரர்கள் எண்ணிக்கையில் குறைவு. பத்திருபது பேரை வைத்துச் செய்யும் ஆய்வுகள் தவிர்க்க முடியாதவை. அதற்கு வழி, பல நாட்டு ஆய்வுக்கூடங்கள் ஒரே திட்டத்தை முன்கூட்டியே பதிவுசெய்து சேர்ந்து செய்வது, ஒரே ஆளை நீண்ட காலம் நெருக்கமாகத் தொடர்ந்து பார்ப்பது. இரண்டுமே இப்போது கூடிவருகின்றன. இன்னொரு குறை இதைவிட ஆழமானது. நாம் விளையாட்டு உளவியல் என்று படிப்பதில் பெரும்பகுதி வட அமெரிக்க, ஐரோப்பிய மாணவர்களையும் வீரர்களையும் வைத்து எழுதப்பட்டது. குடும்பமே கூடி முடிவெடுக்கும் சமூகங்களில், பயிற்றுநரை ஆசானாக மதிக்கும் மரபுகளில், தன்னாட்சி, ஊக்கம் என்பவை அதே வடிவில்தான் இயங்குமா? அங்கே வளர்ந்தவர்கள் அங்கேயே ஆய்வு செய்யும்வரை இதற்கு விடை கிடைக்காது.

கருவிகள், செயற்கை நுண்ணறிவு

இந்தப் பகுதியைச் சுருக்கமாகவே முடிக்கிறேன், ஏனென்றால் எதிர்காலம் என்றாலே எல்லோரும் இதைத்தான் பேசுகிறார்கள். தூக்கத்தையும் இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கத்தையும் அளக்கும் பட்டைகள், கண்ணசைவைப் பதியும் கண்ணாடிகள், மெய்நிகர் மைதானங்கள் எல்லாம் வந்துவிட்டன. ஆனால் 2016-இல் 56 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த அன்னா சா குழு, பயிற்சிச் சுமை வீரரை எப்படிப் பாதிக்கிறது என்பதை உடற்கருவிகளைவிட, எப்படி இருக்கிறீர்கள் என்று வீரரிடமே கேட்டுப் பெறும் பதில்கள் நுட்பமாகக் காட்டுகின்றன என்று கண்டது. கேட்பதற்கு ஆள் வேண்டும். உண்மையைச் சொன்னால் அணியிலிருந்து தூக்கிவிட மாட்டார்கள் என்ற நம்பிக்கையும் வேண்டும். சாட்பாட்கள் நள்ளிரவில் பேச்சுத்துணை ஆகலாம். அங்கே சொன்னது யார் கையில் போய்ச் சேரும் என்பது தெளிவாகாதவரை ஒரு வீரர் எதையும் மனம்விட்டுச் சொல்லக் கூடாது என்பதே என் கருத்து.

யார் செய்வது, யாருக்காக

இங்கேதான் எல்லாம் வந்து முட்டுகிறது. அணி நிர்வாகம் சம்பளம் கொடுக்கிறது. வீரர் அறைக்குள் வந்து அழுகிறார். அடுத்த நாள் தேர்வுக் குழு உளவியலாளரிடம் கேட்கிறது: இவன் தாங்குவானா? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கும் உரிமை ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். உளவியலாளரின் வேலை நிரந்தரம் பயிற்றுநரின் தயவில் இருக்கும்வரை, பயிற்றுநரின் நடத்தையைப் பற்றி அவர் வாய்திறக்க மாட்டார். ஆகவே சூழலை மாற்றும் உளவியல் வேண்டுமென்றால் முதலில் மாற வேண்டியது உளவியலாளரின் சம்பளப் பாதை. வீரர்கள் சங்கமோ, அணிக்கு வெளியே உள்ள ஒரு சுயேச்சை அமைப்போ நியமிக்கும் ஏற்பாடு சரியாக இருக்கும்.

தகுதி பற்றிய விதிகளும் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன. பிரிட்டனில் விளையாட்டு, உடற்பயிற்சி உளவியலாளர் என்ற பட்டம் 2009-இலிருந்து சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது. பதிவுபெறாதவர் அதைப் போட்டுக்கொள்ள முடியாது. ஆஸ்திரேலியாவில் பதிவுபெற்ற உளவியலாளர் இத்துறையில் கூடுதல் பயிற்சி முடித்துத் தனி ஒப்புதல் பெறுகிறார். பல நாடுகளிலோ யார் வேண்டுமானாலும் மனப்பயிற்சியாளர் என்று பலகை மாட்டிவிடலாம். முன்னாள் வீரர், ஊக்கப் பேச்சாளர், வார இறுதிச் சான்றிதழ் வாங்கியவர் என எல்லோரும் அங்கே இருக்கிறார்கள். அவர்களில் நல்லவர்களும் இருப்பார்கள். ஆனால் தற்கொலை எண்ணத்தோடு வரும் பதினாறு வயதுப் பிள்ளையை அடையாளம் காணவும், உடனே சரியான மருத்துவரிடம் சேர்க்கவும், பயிற்றுநரின் கொடுமையைச் சட்டப்படி யாரிடம் புகார் செய்ய வேண்டும் என்று தெரிந்திருக்கவும் முறையான படிப்பும் மேற்பார்வையில் செய்த பயிற்சியும் தேவை. பிள்ளையை ஒரு மனப்பயிற்சியாளரிடம் அனுப்பும் பெற்றோர் இன்றே கேட்கக்கூடிய கேள்விகள் மூன்று: எங்கே பதிவு பெற்றிருக்கிறீர்கள், உங்கள் வேலையை மேற்பார்வை செய்பவர் யார், என் பிள்ளை சொல்வதில் எதைப் பயிற்றுநரிடம் சொல்வீர்கள்?